முழு பேக்கப் கையில் இருக்கிறது, தளம் திரும்ப வரவில்லை. உதவுங்கள்

கேட்பவர்: வாய்க்கால்மேடு

வணக்கம். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2006 முதல் வேர்ட்பிரஸ்ஸில் எழுதி வருகிறார், 400 கட்டுரைக்கு மேல் இருக்கும். புதுப்பிக்கும் தேதியை நான் கோட்டைவிட்டதில் ஹோஸ்டிங் கணக்கையே அழித்துவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முந்தைய வாரம் சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனல்) "முழு பேக்கப்" எடுத்து கணினியில் வைத்திருந்தேன். 1.8 ஜிபி, டார் ஜிஇசட் கோப்பு.

வேறு இடத்தில் புது ஹோஸ்டிங் வாங்கியாயிற்று. அங்கேயும் சிபேனல்தான். பேக்கப் பக்கத்தில் ரீஸ்டோர் பகுதியில் இந்தக் கோப்பைக் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பழைய சர்வர்காரன்

கோப்பு கெட்டதற்கு இது அடையாளம் இல்லை. சிபேனலில் முழு பேக்கப்பை எடுக்க மட்டும்தான் நமக்கு வழி உண்டு. திரும்பப் போடுவது டபிள்யூஎச்எம்மில் (சர்வர் முழுவதையும் நிர்வகிக்கும் பேனல்) ரூட் உரிமை, அதாவது முழு அதிகாரம், உள்ளவர் வேலை. நீங்கள் பார்த்த ரீஸ்டோர் பகுதி, ஹோம் டைரக்டரி, டேட்டாபேஸ் என்று தனித்தனியாக எடுத்த பேக்கப்புகளுக்கானது.

கோப்பை ஹோம் டைரக்டரியில் ஏற்றிவிட்டு, திரும்பப் போட்டுத் தரச் சொல்லி ஹோஸ்டிங்காரர்களுக்கு டிக்கெட் போடுங்கள். பெயரை மாற்றாதீர்கள், பழைய யூசர்நேம் அதில்தான் இருக்கிறது. செய்து கொடுத்தால் மெயில், டிஎன்எஸ், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும்.

மறுத்தால் கையால்தான். கணினியில் பிரித்துப் பாருங்கள். ஹோம்டிர் ஃபோல்டருக்குள் பப்ளிக் எச்டிஎம்எல்லும் மெயிலும் இருக்கும். மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் டேட்டாபேஸின் எஸ்கியூஎல் கோப்பு.

வாய்க்கால்மேடு

கேட்ட கட்டணத்துக்கு இன்னொரு வருட ஹோஸ்டிங்கே வாங்கலாம் சார். கையாலேயே செய்தேன். பேனலிலிருந்து புது வேர்ட்பிரஸ் நிறுவி, படங்கள், தீம் எல்லாம் இருக்கும் பழைய டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரை மட்டும் ஏற்றினேன். எஸ்கியூஎல் கோப்பு பெரிதாக இருந்ததால் டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் ஏற்கவில்லை, ஜிஜிப்பாகச் சுருக்கிக் கொடுத்ததும் போய்விட்டது.

படம், பக்கம் எல்லாம் வந்தன. தமிழ்தான் வரவில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி 'ஏ', மறுபடி 'ஆர்'... பக்கம் முழுக்க இதேதான். எஸ்கியூஎல் கோப்பை நோட்பேடில் திறந்தாலும் அதே குப்பை. இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு எடுத்து மறுபடி ஏற்றினேன். முக்கால்வாசி சரியானது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை நிமிடம் பார்த்தவர், "புள்ளியெல்லாம் எங்கே?" என்றார். 'பாம்பு' என்ற சொல்லில் ப, துணைக்கால், ம, ப மட்டும் நிற்கின்றன. புள்ளிக்கும் உகரத்துக்கும் பதில் கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி. ஏரியில் 'ரி'தான் மிச்சம்.

கடைசி பெஞ்ச்

எழுத்துப் பிரச்சினைக்கு பிளக்இன் இருக்கிறதே சகோ, ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பழைய சர்வர்காரன்

தயவுசெய்து எந்த பிளக்இன்னும் வேண்டாம். மாற்றி எடுத்த கோப்பையும் தூக்கிப் போடுங்கள், மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறது.

அப்பா புள்ளியைக் கேட்டாரே, நோய் அங்கேதான் இருக்கிறது. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் குறியும் மூன்று பைட். அதை லாட்டின்1 (ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறை) என்று நினைத்துப் படித்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். உங்கள் 'ஏ', 'ஆர்' ஊர்வலம் இதுதான். மாற்றிகள் லாட்டின்1 என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் விண்டோஸ் 1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளிக்கு 141, 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. பல மாற்றிகள் காலி இடத்தைக் கண்டதும் அந்த பைட்டை விழுங்கிவிடும். போனது போனதுதான், அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்கியூஎல் தன்னுடைய லாட்டின்1இல் அந்த ஐந்தையும் அப்படியே கடத்திவிடும். அதனால் அந்த வேலையை அதனிடமே விடுங்கள்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். பேக்கப்பில் உள்ள பழைய டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், டேட்டாபேஸின் எழுத்து முறையைச் சொல்லும் டிபி சார்செட் என்று ஒரு வரி இருக்கிறதா?

வாய்க்கால்மேடு

இல்லை சார். புதியதில் மட்டும் இருக்கிறது, யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8இன் பெயர்) என்று.

பழைய சர்வர்காரன்

நினைத்தேன். அந்த வரி வேர்ட்பிரஸ் 2.2இல், 2007இல்தான் வந்தது. உங்கள் டேபிள்கள் அதற்கு முந்தியவை, லாட்டின்1 என்று அறிவித்துக்கொண்டு உள்ளே தமிழ் பைட்டுகளை வைத்திருக்கின்றன. பழைய சர்வரில் எழுதியதும் படித்ததும் ஒரே பொய்யை நம்பியதால் இத்தனை வருடம் ஓடியது.

டேட்டாபேஸைக் காலி செய்து, மூல எஸ்கியூஎல்லை எந்த எடிட்டரிலும் சேமிக்காமல் அப்படியே ஏற்றுங்கள். பிறகு புது கான்ஃபிக்கில் அந்த மதிப்பை லாட்டின்1 என்று மாற்றுங்கள். பிஎச்பிமைஅட்மினில் இன்னும் குப்பையாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். தளத்தை மட்டும் பாருங்கள்.

இது தற்காலிகம். நிரந்தரமாக்க, டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுத்து அதில் லாங்டெக்ஸ்ட் வகை நெடுவரிசைகளை (column) முதலில், வெறும் பைட்டாக வைத்திருக்கும் லாங்பிளாப் ஆக்கி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 லாங்டெக்ஸ்ட்டாக்க வேண்டும். டெக்ஸ்ட் என்றால் நடுவில் பிளாப். நேரே மாற்றினால் குப்பையையே யூனிகோடாக எழுதி வைத்துவிடும். எல்லாம் முடிந்ததும் கான்ஃபிக்கில் மறுபடி யூடிஎஃப்8எம்பி4 என்றே மாற்றிவிடுங்கள்.

கடைசி பெஞ்ச்

எனக்கு ஒருமுறை பக்கம் முழுக்க வெறும் கேள்விக்குறியாக வந்தது. அதுவும் இதுதானா?

பழைய சர்வர்காரன்

இல்லை தம்பி. டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறி இருந்தால், ஏற்றும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. மூல டம்ப்பிலிருந்து, அதாவது பேக்கப்பின் எஸ்கியூஎல் கோப்பிலிருந்து, மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி.

வாய்க்கால்மேடு

வந்துவிட்டது சார்! லாட்டின்1 என்று மாற்றிச் சேமித்து, பக்கத்தைப் புதுப்பித்தேன். முதல் வரியிலேயே 'ஐப்பசி' முழுசாக இருந்தது. நகலில் நெடுவரிசைகளை மாற்றும் வேலை பாதி முடிந்திருக்கிறது.

அப்பா காலையிலிருந்து ஒவ்வொரு கட்டுரையாகச் சரிபார்க்கிறார். இதுவரை 3 இடத்தில் ஒற்று விழுந்திருக்கிறதாம், "பேக்கப் சரியில்லை" என்கிறார். மூல டம்ப்பை ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்தேன், மூன்றும் அதிலும் அப்படியேதான். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மெயில் மட்டும் பாக்கி.

பழைய சர்வர்காரன்

சொல்லாமலே நீங்கள் திருத்திவிடுங்கள். மெயிலுக்கு, முதலில் சிபேனலில் அதே முகவரியை உருவாக்குங்கள். பிறகு பேக்கப்பின் மெயில் ஃபோல்டரில் டொமைன் பெயர், அதற்குள் முகவரிப் பெயர் என்று இருப்பதைப் புதிய கணக்கின் அதே பாதையில் போடுங்கள்.