வளர்ப்பு நாய் மணியைத் தனியே விடப் பழக்குதல்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

*ஞாயிறு*

நான், இரவு 7.12
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். தம்பி காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், அந்த மூன்று நாளும் மணி வீட்டில் தனியாக இருக்க வேண்டும். 2020 ஜூனில், ஊரடங்கின் நடுவே, தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் கிடந்த குட்டியை நாங்கள் தூக்கிவந்த நாளிலிருந்து இன்றுவரை அவன் ஆளில்லாத வீட்டைப் பார்த்ததே இல்லை.

கோவில்பட்டி அத்தை, இரவு 7.20
கண்ணு, இதற்கு ஏன் இத்தனை கவலை? இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. தோட்டம் இருக்கிறது, நானும் மாமாவும் பகல் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறோம்.

நான், இரவு 7.41
அத்தை, நீங்கள் அவனை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக நானும் அவனும் ஒரே அறையில் இருந்து பழகியிருக்கிறோம். எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும், லேப்டாப்பை மூடும் ஓசை கேட்டதும் எழுந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு, ஆணியில் தொங்கும் சங்கிலிக்குக் கீழே போய் நிற்பான். போன ஆண்டு அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, கூட்டத்தின் நடுவில் மைக்கை அணைத்துவிட்டு நான் அழுததும், மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என் முழங்காலில் தாடையை வைத்தவன், நான் மறுபடி பேசத் தொடங்கும்வரை அசையவே இல்லை. அவனை என்னால் அனுப்ப முடியாது, அத்தை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, இரவு 8.03
நீ சொல்வது வெறும் பாசப் பேச்சு இல்லையம்மா. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்திருந்தால், இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். தாயையும் சேயையும் பிணைப்பதும் அதே ஹார்மோன்தான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம்கூட அவர்கள் அதைக் காணவில்லை.

சித்தப்பா, இரவு 8.30
பாப்பா, கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீ போவது அதற்குத் துன்பம் இல்லை. நீ திரும்பி வருவாய் என்பது தெரியாததுதான் துன்பம். ஆகையால் நாளையே தொடங்கு. சாவியை எடு, பையை மாட்டு, செருப்பைப் போடு, பிறகு எங்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடு. ஒரு நாளில் பத்து முறை இப்படிச் செய்தால் சாவிச் சத்தத்துக்கு அவன் பதறுவது குறையும். அதன்பின் கதவுக்கு வெளியே அரை நிமிடம் நில், அடுத்து ஒரு நிமிடம், அவன் அமைதியாக இருக்கும் அளவுக்கு மட்டுமே நேரத்தைக் கூட்டு. கிளம்பும்போது கொஞ்சாதே, திரும்பியதும் ஆரவாரம் செய்யாதே. காலையில் நன்றாக நடத்திக் கூட்டிவா, நீ உடுத்திய பழைய சட்டை ஒன்றை அவன் படுக்கையில் போட்டு வை. எதையாவது கடித்து வைத்தாலும் அடிக்கக் கூடாது. அது பயத்தில் செய்வது, குறும்பில் செய்வதில்லை.

*வியாழன்*

நான், இரவு 9.05
சித்தப்பா, தவறு செய்துவிட்டேன். நேற்று ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தான் என்ற துணிவில் இன்று நேராக அரை மணி நேரம் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கதவின் உட்புறம் முழுவதும் நகக் கீறல். அவன் வாயிலிருந்து வடிந்த எச்சில் தரையில் குளமாகக் கிடந்தது. விடாமல் ஊளையிட்டான் என்று கீழ் வீட்டு அம்மா சொன்னார்கள். என்னைக் கண்டதும் குரைக்கக்கூட இல்லை, மடியில் ஏறி நடுங்கினான்.

சித்தப்பா, இரவு 9.18
வருந்தாதே, எல்லோரும் அவசரப்படும் இடம் அதுதான். இரண்டு நாள் வெளியே போகாமல் இரு, பிறகு மறுபடி ஒரு நிமிடத்திலிருந்து தொடங்கு. மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. இதற்கு மருந்தும் உண்டு.

கோவில்பட்டி அத்தை, இரவு 9.26
கண்ணு, பிள்ளை நடுங்கினான் என்று படித்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. நீ அலுவலகம் போகும் முதல் வாரம் நான் சென்னைக்கு வந்து உங்களோடு இருக்கிறேன். அவனை இங்கே அனுப்பும் பேச்சை இனி எடுக்க மாட்டேன்.

*இரண்டு வாரம் கழித்து, சனி*

நான், மாலை 6.40
இன்று நாற்பது நிமிடம். தம்பியின் பழைய போனை அலமாரியில் நிறுத்தி, வீடியோவில் பார்த்துக்கொண்டே மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று நிமிடம் கதவையே பார்த்து நின்றவன், பிறகு மேசைக்கு அடியில் போய், என் கால் வழக்கமாக இருக்கும் இடத்தில் சட்டையை இழுத்துப் போட்டு, அதன்மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டான்.

சித்தப்பா, மாலை 6.44
மிகவும் நன்று. நாளையும் அதே நாற்பது நிமிடம்தான், பாப்பா. கூட்டிவிடாதே.