பாட்டியின் ஓட்டைக் காசு: சுங்கை சிப்புட் குடும்பக் குழு

பெரியம்மா: அம்மாவின் தகரப் பெட்டியை ஒழிக்கும்போது இந்தக் காசு கிடைத்தது. இரண்டு பக்கமும் படம் போட்டிருக்கிறேன். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், தம்பிக்கு ஞாபகம் இருக்கும். பசாரில் பழைய சாமான் வாங்குகிற ஆள் பார்த்துவிட்டு, ஓட்டை வேறு விழுந்திருக்கிறது, கள்ளக்காசு மாதிரியும் தெரிகிறது, 30 ரிங்கிட் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடட்டுமா?

சின்ன மாமா: கொடுக்காதீர்கள் அக்கா. படம் ஒரே இருட்டு. வாசல் வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள், வருஷம் தெரிய வேண்டும்.

சித்தி: கறுத்துக் கிடக்கிறதே அக்கா. கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று தெரியுமே.

சின்ன மாமா: வேண்டவே வேண்டாம்! புளி, பற்பசை, சாம்பல், எதுவும் அதன் மேல் படக் கூடாது. அந்தக் கறுப்பு எத்தனையோ வருஷமாகப் படிந்தது. காசு சேர்க்கிறவர்களுக்குத் தேய்த்த காசு பார்த்ததுமே தெரிந்துவிடும், விலையும் அப்போதே இறங்கிவிடும்.

பெரியம்மா: சரி, தொடவில்லை. 1907 என்று இருக்கிறது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை. மறுபக்கம் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (வெள்ளைக்காரர் ஆண்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பக்கம்), ஒன் டாலர், நடுவில் சீன எழுத்தும், அரபு எழுத்தில் மலாய் எழுதுகிற ஜாவியும்.

அண்ணன்: ராஜா ஏழாம் எட்வர்ட். எடை எவ்வளவு பெரியம்மா?

அக்கா: நான் இங்கேதான் இருக்கிறேன். என் சின்னத் தராசில் 19.8 கிராம். காந்தம் ஒட்டவில்லை.

அண்ணன்: அப்படியானால் அந்த ஆள் சொன்னது சரிதான். இந்த டாலர் 26.95 கிராம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. ஒரு ஓட்டையில் 7 கிராமா போகும்?

சின்ன மாமா: நீ பார்த்தது 1903, 1904 டாலரின் எடை தம்பி. 1906இல் ஒரு டாலருக்கு பிரிட்டிஷ் காசில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பைக் கட்டினார்கள். அந்தச் சமயம் வெள்ளி விலை ஏறிப்போய், காசை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்துவிட்டது. அதனால் 1907இல் காசையே சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். தரம் மாறவில்லை, அதே 900 வெள்ளிதான், அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. ஆக நம் காசில் குறைவது அரை கிராமுக்கும் உள்ளே. இத்தனை வருஷத் தேய்மானத்துக்கும் ஓட்டைக்கும் அது சரியாகத்தான் இருக்கிறது. 1907 என்று போட்டு 27 கிராம் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அண்ணன்: ஓ! வருஷத்தைப் பார்க்காமல் எடையைப் பேசக் கூடாது.

அக்கா: காந்தம் ஒட்டாததே போதாதா மாமா?

சின்ன மாமா: போதாதும்மா. ஒட்டினால் கள்ளம் என்று உறுதி. ஒட்டாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை, பித்தளையிலும்தான் ஒட்டாது. இதைச் செய். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கு. ஓட்டையில் நூல் கோத்து, காசு முழுக்க முங்கும்படி தொங்கவிடு. அடியிலும் ஓரத்திலும் படக் கூடாது. தராசு காட்டும் எண்ணால் 19.8ஐ வகுத்துப் பார், அதுதான் காசின் அடர்த்தி. 10.3 பக்கம் வந்தால் 900 வெள்ளி. பித்தளையோ செம்பு நிக்கலோ 9ஐத் தொடாது. அப்புறம் தண்ணீரை ஒற்றி எடு, துடைக்காதே.

சித்தி: ஓட்டையும் ஒரு வேலைக்கு ஆகிறதே!

சின்ன மாமா: இன்னொரு வேலையும் இருக்கிறது. டார்ச் அடித்து ஓட்டையின் உள்சுவரைப் பாருங்கள். முலாம் பூசிய காசு என்றால் அங்கே சிவப்போ மஞ்சளோ தெரியும். ஓரத்து வரிகளையும் சுற்றிப் பாருங்கள். அச்சில் வார்த்த கள்ளக்காசில் ஒட்டுக் கோடு இருக்கும், மேலெல்லாம் மணல் மாதிரி பொடிக்குழி இருக்கும்.

அக்கா: 1.92 காட்டுகிறது. வகுத்தால் 10.3! உள்சுவர் கறுப்பும் வெள்ளையும்தான், சிவப்பு இல்லை. ஒட்டுக் கோடும் இல்லை. கிரீடமும் தாடியும் மட்டும் மழுங்கியிருக்கின்றன.

சின்ன மாமா: மேடான இடம்தான் முதலில் தேயும். நல்ல காசு அக்கா, தைரியமாக இருங்கள்.

அண்ணன்: ஒருவர் இதே 1907 காசை 400 ரிங்கிட் என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.

சின்ன மாமா: அது அவர் கேட்கிற விலை. வாங்க ஆள் வந்ததா என்று பார்க்க வேண்டும். அதுவும் முழுக் காசாக இருக்கும். ஓட்டைக் காசைப் பெரும்பாலும் வெள்ளி எடைக்குத்தான் எடுப்பார்கள், ஆசைப்பட்டவர் கொஞ்சம் கூடத் தரலாம். 19.8இல் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 17.8 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய கிராம் விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். 30 ரிங்கிட் என்பது அநியாயம், வெள்ளிக்குக்கூட காணாது.

பெரியம்மா: விற்க எனக்கும் மனமில்லை தம்பி. கள்ளக்காசு என்று அம்மா காசைச் சொன்னதுதான் சுருக்கென்றது. ரப்பர் பேண்ட் போட்டுப் பிளாஸ்டிக் பையில் வைக்கட்டுமா?

சின்ன மாமா: இரண்டும் வேண்டாம் அக்கா. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்கடிக்கும். சில பிளாஸ்டிக் பசை மாதிரி கசியும். ஈரமில்லாத பருத்தித் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள்.

பெரியம்மா: வைத்துவிட்டேன். அந்த ஆள் நாளைக்கு வந்தால், விற்பதாக இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.