பி பக்கத்துப் பாட்டு

குழு: தில்லைநகர் வீடு

சனிக்கிழமை

கோமதி அத்தை (காலை 9:12): பிசியோதெரபி பொண்ணு வந்துட்டுப் போயாச்சு. நாளையிலிருந்து முதுகுக்கு பெல்ட் போட்டுக்கிட்டு கூடத்துலயே நடக்கணுமாம். நடுவுல நிக்காம மூணு நிமிஷம். எனக்கு ஒரு நிமிஷத்துலயே கால் கனக்குது.

அருண் (9:15): அம்மா, கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நடக்காதீங்க. ஒரு பாட்டு போட்டுக்கங்க, பாட்டு முடிஞ்சா உக்காந்துடலாம்.

நித்யா (9:16): ஆமா அத்தை. எங்க வார்டுலயும் அப்படித்தான் நடக்க வைப்போம்.

அப்பா (9:20): கந்த சஷ்டி கவசம் போட்டுக்கோ அக்கா. மனசுக்கும் தெம்பு.

கோமதி அத்தை (9:21): அது இருபது நிமிஷம் ஓடுமே பாஸ்கர். அதைப் படுத்துக்கிட்டே கேட்டாச்சு.

சந்திரன் பெரியப்பா (9:34): கோமு, உனக்குன்னே ஒரு பாட்டு இருக்கு. குளோரியா கெய்னர் பாடின ஐ வில் சர்வைவ். சின்ன இசைத்தட்டுல மூணேகால் நிமிஷம். 1979ல நான் கப்பல்லேருந்து லீவுக்கு வந்தப்ப கொண்டாந்தேனே, ஞாபகம் இருக்கா?

கோமதி அத்தை (9:36): ஞாபகம் இல்லாம என்னண்ணா. நடுவுல பெரிய ஓட்டை. நம்ம வீட்டு ரெக்கார்டு பெட்டியில போட்டா தட்டு கோணிக்கிட்டு சுத்தும், பாட்டு குடிகாரன் பாடுற மாதிரி வரும். அமெரிக்கத் தட்டுக்கு எல்லாம் ஓட்டை பெருசுன்னு சொன்னீங்க. நான்தான் பழைய ஹவாய் செருப்புலேருந்து வட்டமா ஒரு துண்டு வெட்டி நடுவுல சொருகினேன். அதுக்கப்புறம்தான் நேரா சுத்துச்சு.

அருண் (9:37): இதை எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா!

சந்திரன் பெரியப்பா (9:52): நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. அந்த வருஷம் பிப்ரவரியில எங்க கப்பல் நியூயார்க்ல நின்னுச்சு. நான் மூணாவது இன்ஜினியர். கரையில இறங்கினா குளிர் எலும்பைக் குடையும். ஒரு ரெக்கார்டு கடைக்குள்ள சும்மா ஒதுங்கினேன். கடைக்காரர் இந்தத் தட்டைப் போட்டுக்கிட்டே இருந்தார். ஒரு தடவை முடிஞ்சா மறுபடி. நான் கேட்டதும் எடுத்துக் குடுத்தார். பாத்தா, மேல் பக்கத்துல வேற பாட்டு, சப்ஸ்டிட்யூட்னு. தப்பான தட்டுன்னு திருப்பிக் குடுத்தேன். அவர் சிரிச்சுட்டு தட்டைத் திருப்பிக் காட்டினார். நான் கேட்ட பாட்டு அதோட முதுகுல இருந்துச்சு. பி பக்கம்.

கம்பெனி அந்தப் பாட்டை நம்பவே இல்ல. ஏ பக்கத்துப் பாட்டைத்தான் ரேடியோவுக்கு அனுப்பினாங்க. ஸ்டூடியோ 54ங்கிற டான்ஸ் கிளப்ல ரிச்சி கேசர்னு ஒரு டிஜே. அவர்தான் தட்டைத் திருப்பிப் போட்டார். ஆடுறவங்க விடல, அப்புறம் ரேடியோக்காரங்களும் திருப்பிப் போட்டாங்க. 1979 மார்ச்ல அமெரிக்காவோட பில்போர்டு பாட்டுப் பட்டியல்ல முதல் இடம்.

அப்பா (10:03): அண்ணா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. அந்த டிஸ்கோவெல்லாம் ஒரே டும் டும் டும் டும்தானே. மிஷின் அடிக்கிற மாதிரி. நான் மிருதங்கம் கத்துக்கிட்டவன், எனக்கு அதுல பிடிமானமே வரல.

சந்திரன் பெரியப்பா (10:05): வருத்தம் என்னடா. கேட்டுட்டு சொல்லு. முதல்ல கோமுவுக்கு சொல்ல வந்ததை முடிச்சுடறேன்.

சந்திரன் பெரியப்பா (10:14): கோமு, 1978ல அந்த கெய்னரம்மா நியூயார்க்ல ஒரு கச்சேரியில மேடையிலயே பின்பக்கமா விழுந்துட்டாங்க. எழுந்து மிச்சக் கச்சேரியையும் முடிச்சாங்க. மறுநாள் காலையில கண் முழிச்சா இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. தண்டுவடத்துல ஆபரேஷன், மாசக்கணக்கா ஆஸ்பத்திரி. அதுக்கு முன்னாடியே அவங்க அம்மாவும் போயிட்டாங்க. இனிமே இவங்க எழுந்து வர மாட்டாங்கன்னு ஊரே பேசின நேரம். அப்பத்தான் இந்தப் பாட்டைப் பாடக் கூப்பிட்டாங்க. ரெக்கார்டிங் அறையில நின்னு பாடுறப்ப முதுகுல பிரேஸ் மாட்டியிருந்துச்சு. நீ இப்ப மாட்டியிருக்கியே, அதே மாதிரி.

கோமதி அத்தை (10:16): நிஜமாவா அண்ணா?

சந்திரன் பெரியப்பா (10:17): நிஜம். எழுதின டினோ ஃபெகாரிஸும் அப்ப அடிபட்டு எழுந்தவர்தான். ஏழு வருஷம் கிட்ட மோட்டவுன் கம்பெனிக்கு பாட்டு எழுதிட்டு வேலை போனவர். கேக்கிறவங்களுக்கு அது காதல்ல விட்டுட்டுப் போனவனைத் திட்டுற பாட்டு. பாடினவங்களுக்கு அது முதுகெலும்பு.

கோமதி அத்தை (10:19): அந்த வயசுல எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா புரியாது. ஆனா முதல்ல பியானோ மட்டும் மேலேருந்து கீழ வழிஞ்சு இறங்கும். அப்புறம் தனியா ஒரு குரல், பயந்து போனவ மாதிரி. ரிதம் வந்ததும் குரல் நிமிரும். அது புரிஞ்சுது.

நித்யா (10:20): அத்தை, இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது.

நித்யா (10:31): அப்பா, உங்க டும் டும்முக்கு நான் ஒண்ணு சொல்லவா? நெஞ்சுல அழுத்தி உயிர் மீட்கிற பயிற்சியில, நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை அழுத்தணும். அந்த வேகம் கையில நிக்கிறதுக்கு எங்களுக்கு போட்டுக் காட்டினது பீ ஜீஸ் குழுவோட ஸ்டேயின் அலைவ் பாட்டு. நிமிஷத்துக்கு 103 அடி கிட்ட வரும். போன வருஷம் நைட் ஷிஃப்ட்ல ஒரு தாத்தாவுக்கு அழுத்தினப்ப என் மண்டைக்குள்ள அதுதான் ஓடுச்சு. அவர் பிழைச்சு நடந்தே வீட்டுக்குப் போனார். எனக்கு அது வெறும் டும் டும் இல்லப்பா.

அப்பா (10:33): சாமி. அது பெரிய விஷயம்மா.

சந்திரன் பெரியப்பா (10:45): அந்தப் பாட்டுக்குள்ளயே ஒரு கதை இருக்கு நித்யா. பாஸ்கர், மிஷின்னு சொன்னியே, பாதி சரி. 1977ல பாரிஸ் பக்கத்துல ஒரு பழைய மாளிகையில ரெக்கார்டிங். நடுவுல டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்ப அவசரம்னு ஊருக்குப் போயிட்டார். டிரம் இல்லாம என்ன பண்றது? அவர் ஏற்கனவே நைட் ஃபீவர்ங்கிற பாட்டுக்கு வாசிச்ச டேப்புலேருந்து ரெண்டே ரெண்டு ஆவர்த்தனத்தை, அதாவது ரெண்டு தாளச் சுத்தை வெட்டி, முனையையும் முனையையும் ஒட்டி மாலை மாதிரி ஆக்கினாங்க. டேப் நீளமா இருக்கே, மைக் ஸ்டாண்டு மேல வளைச்சு விட்டு ஓட விட்டாங்க. பாட்டு முழுக்க அந்த ரெண்டு ஆவர்த்தனம்தான் சுத்திச் சுத்தி வருது. ஆனா ஒவ்வொரு அடியும் ஒரு மனுஷன் கை அடிச்சது.

அப்பா (10:52): ரெண்டு ஆவர்த்தனம்னா சலிக்கணுமே. ஏன் சலிக்கல?

சந்திரன் பெரியப்பா (11:01): அதை உன் காதால கண்டுபிடி. டும் மேல கவனம் வைக்காதே. ரெண்டு டும்முக்கு நடுவுல ஹை-ஹாட்டுன்னு ஒரு ஜோடித் தாளம், காலால திறந்து மூடுறது. டும்-த்ஸ், டும்-த்ஸ். ஃபிலடெல்ஃபியாவுல எர்ல் யங்னு ஒரு டிரம்மர். நாலு எண்ணிக்கைக்கும் பெரிய டிரம்மை சமமா அடிச்சு, ஹை-ஹாட்டை நடுவுல பேச விட்டது அவர்தான், 1973 வாக்குல. அதுக்கு மேல பாஸ் கிட்டார். ஷிக் குழுவோட குட் டைம்ஸ்ல பெர்னார்டு எட்வர்ட்ஸ் வாசிக்கிறதை மட்டும் தனியா கேளு. ஒரே வரி, ஆனா எங்க வாசிக்காம விடறார்னு பாரு. நம்ம கார்வை மாதிரி.

அப்பா (11:40): அண்ணா, ஹெட்ஃபோன் மாட்டி மூணு தடவை கேட்டேன். விடுற இடம் அழகா இருக்கு. நான் தப்பா சொல்லிட்டேன். ஆனா பின்னாடி வயலின் கூட்டம் எனக்கு இன்னும் ஒட்டல.

சந்திரன் பெரியப்பா (11:42): ஒட்டாட்டி போகுது. பாஸ் ஒட்டிச்சில்ல, போதும்.

அருண் (11:50): மாமா, ஷிக் குழுதானே லே ஃப்ரீக்? ஆபீஸ் பார்ட்டியில எப்பவும் போடுவாங்க.

சந்திரன் பெரியப்பா (11:58): அவங்கதான். 1977 டிசம்பர் 31 ராத்திரி, அதே ஸ்டூடியோ 54 வாசல்ல நைல் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் நிக்கிறாங்க. கிரேஸ் ஜோன்ஸ் கூப்பிட்டுத்தான் போனாங்க, பட்டியல்ல பேர் இல்ல. உள்ள ஓடுறது அவங்க பாட்டு, வாசல்ல அவங்களையே போகச் சொல்லி விரட்டிட்டாங்க. வீட்டுக்குப் போய் கிட்டாரை எடுத்து அந்த வாசல்காரரைத் திட்டித் திட்டி வாசிச்சாங்க. திட்டு வார்த்தையை மாத்தினதும் அது பாட்டு. பில்போர்டுல ஆறு வாரம் முதல் இடம்.

எனக்கு அந்தக் காலத்துப் பாட்டு மேல பிரியம் வந்ததே இதனாலதான் அருண். வாசல்ல நிறுத்தப்பட்டவங்க, வேலை போனவங்க, கீழ விழுந்தவங்க பண்ணின பாட்டு. அதைப் போய் பணக்காரக் கூத்துன்னு சொல்லிட்டாங்க.

அருண் (12:02): சிகாகோவுல தட்டையெல்லாம் வெடி வச்சாங்கன்னு படிச்சேன், அது இந்தக் காலம்தானா?

சந்திரன் பெரியப்பா (12:13): 1979 ஜூலை 12. பேஸ்பால் மைதானம். டிஸ்கோ தட்டு ஒண்ணு கொண்டாந்தா 98 சென்ட்தான் டிக்கெட். ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல ஒரு ரேடியோக்காரர் பெட்டி நிறைய தட்டை வச்சு வெடிச்சார். கூட்டம் மைதானத்துக்குள்ள இறங்கி, ரெண்டாவது ஆட்டமே நடக்கல. அங்க வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ்ங்கிற கறுப்பினப் பையன் பின்னாடி சொன்னது மனசை அறுக்கும். ஜனங்க கொண்டாந்ததுல நிறைய டிஸ்கோவே இல்லையாம், கறுப்பினத்தவங்க பாடின எந்தத் தட்டா இருந்தாலும் சரின்னு கொண்டாந்திருக்காங்களாம். அடுத்த மாசமே குட் டைம்ஸ் முதல் இடத்துக்கு வந்துச்சு. வெடி வச்சும் அது போகல. ஆனா அதுக்கப்புறம் ரேடியோவுல அந்தப் பாட்டெல்லாம் வேகமா குறைஞ்சுது.

கோமதி அத்தை (12:15): தட்டை எப்படிண்ணா வெடி வைக்க மனசு வரும். நாம ஊசி பட்டு கீறல் விழுந்தாலே ரெண்டு நாள் சாப்பிட மாட்டோம்.

நித்யா (12:30): அத்தை, வேகம் கவனம். ஐ வில் சர்வைவ் நிமிஷத்துக்கு 117 அடி கிட்ட வரும். அடிக்கு ஒரு எட்டு வைக்காதீங்க. ரெண்டு அடிக்கு ஒரு எட்டு. ஆரம்பத்துல பியானோ மட்டும் வர்றப்ப சுவரைப் பிடிச்சு சும்மா நில்லுங்க. டிரம் வந்ததும் கிளம்புங்க.

கோமதி அத்தை (12:32): சரிம்மா. டிரம் வந்ததும்.

அருண் (12:40): அம்மா, யூடியூப்ல எட்டு நிமிஷத்துல ஒண்ணு வருது, அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு வருது. எது சரி?

சந்திரன் பெரியப்பா (12:51): மூணும் சரி. சின்னத் தட்டுல ரேடியோவுக்கு மூணேகால், நிறைய பாட்டு இருக்கிற எல்பி தட்டுல அஞ்சு, எட்டு நிமிஷத்துது பன்னெண்டு இன்ச் தட்டு. டாம் மோல்ட்டன்னு ஒருத்தர் ஆடுறவங்களைக் கவனிச்சார். சூடு பிடிக்கிற நேரத்துல பாட்டு முடிஞ்சு கால் நின்னுடுதுன்னு பாட்டை நீட்டினார். ஒரு நாள் மாதிரித் தட்டு வெட்டப் போனா ஏழு இன்ச் வெறும் தட்டு தீர்ந்து போச்சு. பெரிய தட்டுல வெட்டினாங்க. கோடுங்க நெருக்கமில்லாம அகலமா விழுந்துச்சு, சத்தம் கணீர்னு வந்துச்சு. அப்படிப் பிறந்தது பன்னெண்டு இன்ச். 1976லேருந்து கடையிலயே வித்தாங்க. அவர் முதன்முதல்ல ஒரு எல்பி பக்கத்தையே மூணு பாட்டை இடைவெளி இல்லாம கோத்துக் குடுத்ததும் யாருக்குத் தெரியுமா? இதே கெய்னருக்கு, 1975ல.

கோமு, நீ மூணேகால்ல ஆரம்பி. அஞ்சுக்குப் போ. எட்டு வர்றப்ப பெல்ட்டைக் கழட்டலாமான்னு டாக்டரைக் கேப்போம்.

சந்திரன் பெரியப்பா (மாலை 5:26): [படம்]

சந்திரன் பெரியப்பா (5:27): பரண்ல இருந்துச்சு. உறை கிழிஞ்சு போச்சு. நடுவுல பாரு.

கோமதி அத்தை (5:29): அண்ணா!! அந்த நீல ரப்பர் என் செருப்பு. இன்னும் சொருகியே வச்சிருக்கீங்களா?

சந்திரன் பெரியப்பா (5:30): எடுத்தா தட்டு உடைஞ்சுடும்னு விட்டேன். நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஞாயிற்றுக்கிழமை

அருண் (காலை 7:40): அம்மா நடக்க ஆரம்பிச்சாச்சு. நான் வீடியோ காலில் பாத்துக்கிட்டு இருக்கேன், யாரும் இப்ப போன் பண்ணாதீங்க.

நித்யா (7:41): பெல்ட் சரியா மாட்டியிருக்காங்களா பாரு. பக்கத்துல நாற்காலி இருக்கட்டும்.

கோமதி அத்தை (7:52): முடிச்சுட்டேன். சுவர்லேருந்து வாசல்படி வரைக்கும், மறுபடி சுவர். ஆறு தடவை. ரெண்டாவது நிமிஷத்துல கால் கனத்துச்சு. அப்ப அவங்க குரல் மேல ஏறுச்சு, நானும் நிக்கல.

அப்பா (7:53): அக்கா 🙏

சந்திரன் பெரியப்பா (7:55): உக்காந்தியா?

கோமதி அத்தை (7:56): இப்பத்தான். சாயங்காலம் தட்டை எடுத்துக்கிட்டு வாங்கண்ணா. பாஸ்கர் வீட்டுப் பெட்டியில ஊசி நல்லா இருக்கு.