புரோகிராம் எழுத இப்போது கை பரபரப்பதே இல்லை. விட்டு வந்தவர்களும் திரும்பிப் போனவர்களும் சொல்லுங்கள்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்வி.

வயது 41. ஹாஸ்டலில் எங்களுக்கு டிவைடிங் சிஸ்டம். மாதம் ஆன மொத்தச் செலவை எல்லாரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு நாள் ரேட் எடுத்து, அவரவர் நாட்களால் பெருக்க வேண்டும். மெஸ் செக்ரெட்டரி என் ரூம்மேட். மாதக் கடைசியில் கால்குலேட்டரும் கையுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பான். மூன்றாம் ஆண்டில் நான் அதற்கு டர்போ சி-யில், அதாவது சி மொழிக்கான பழைய மென்பொருளில், ஒரு புரோகிராம் போட்டேன். பத்துப் பேர் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சரியாக வந்தது, மொத்த ஹாஸ்டலையும் போட்டால் 1,70,000 ரூபாய் செலவு மைனஸ் 26,608 என்று வந்து நின்றது. மெஸ்தான் நமக்குப் பணம் தர வேண்டும் போலிருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். லேப் அட்டெண்டர் விளக்கை அணைத்து வெளியே அனுப்பிவிட்டார், ஹாஸ்டலுக்குப் போய்த் தட்டில் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சட்டென்று பிடிபட்டது. டர்போ சி-யில் முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' என்றால் இரண்டு பைட்தான், 32,767க்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். எச்சில் கையோடு ஓடிப்போய் நோட்டில் 'லாங்' என்று, பெரிய எண் பிடிக்கும் வகையின் பெயரை, ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டு வந்துதான் மீதிச் சாப்பாடு.

அந்தப் பரபரப்புக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். சம்பளம் அப்புறம் சேர்ந்துகொண்டது.

இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் 11 வருடம். அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையண்ட், பழைய ஜாவா, யாரோ எழுதிவிட்டுப் போன புரோகிராம் கோடு (code). கடைசியாக எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது 2021 டிசம்பரில், ஜாவா புரோகிராம்கள் பலவும் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே என்ற மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது. எந்த ஜார் ஃபைலுக்குள் எந்த வெர்ஷன் ஒளிந்திருக்கிறது என்று நான்கு இரவு தோண்டினோம், தூக்கமில்லை, மனைவி திட்டினாள், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. காலையில் ஸ்டாண்டப் மீட்டிங்கில் நேற்று என்ன செய்தேன் என்று சொல்வதற்காகவே நேற்று எதையோ செய்கிறேன். டீமில் பையன் அனுப்பும் கோடைப் பார்த்து இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால், "தெரியல சார், கோபைலட் போட்டுது" என்கிறான். கோடு எழுதித் தரும் ஏஐ அது. ஏஐ மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வசதிதான், ஆனால் எனக்கு அதற்கு முன்பே வற்றிப்போயிருந்தது.

சரி, வேலைச் சலிப்பு, ப்ராஜெக்ட் மாறினால் போய்விடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆடி மாதம் லீவ் போட்டுவிட்டு மச்சான் கடைக்குப் போய் உட்காரும் வரை.

மனைவியின் தம்பி சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருவே பேப்பரும் பத்திரிகையும்தான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கு ஆர்டர் குவிவது அப்போதுதான். கடையில் இருக்கும் நிலைமையைச் சொல்கிறேன் கேளுங்கள். மாடல் நம்பர் ஒரு நோட்டில், அட்வான்ஸ் இன்னொரு நோட்டில், மேட்டர் வாட்ஸ்அப்பில், திருத்தம் ஃபோனில், எந்தப் பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போயிருக்கிறது என்பது கடையில் 30 வருடமாக இருக்கும் பெரியவர் தலைக்குள். மச்சான் முதல் நாளே, "மாமா, நீங்க இருக்கீங்களே, இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்களேன்" என்றான்.

இருபது வயதில் இது என் கண்ணில் பட்டிருந்தால் அன்று ராத்திரியே டேபிள் எல்லாம் வரைந்திருப்பேன். மெஸ் பில்லை விட நல்ல கணக்கு இது. மேனேஜர் இல்லை, வேலையைக் கணக்கு வைக்கும் ஜிரா இல்லை, கிளையண்ட் கால் இல்லை, நானே ராஜா. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். கை பரபரக்கவே இல்லை. "நோட்டே நல்லாத்தானே இருக்கு, விடு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. ஆபீஸ் மேல்தான் வெறுப்பு என்றால் கடையிலாவது வந்திருக்க வேண்டுமே?

ஆனால் அங்கே வேறொன்று நடந்தது. ப்ரூஃப் பார்க்க ஆளில்லை என்று என்னிடம் கொடுத்தார்கள். தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போட வேண்டிய இடத்தில் 'திரு' இருந்தது, மண்டபத்தின் பெயரில் ஒற்று இல்லை. ஒன்றில் இங்கிலீஷ் தேதி வியாழக்கிழமை, தமிழ்த் தேதி அடுத்த நாளுக்குரியது. காலண்டரை வைத்துக்கொண்டு அதைப் பிடித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது. ஆயிரம் பத்திரிகை அடித்திருந்தால் அவ்வளவும் குப்பை. வீட்டில் சொன்னேன். "இதுவும் புரோகிராம்ல வர்ற பக் (bug) மாதிரி ஒரு தப்புதானே, இதுக்கா ஐடிய விடப்போறீங்க?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை.

கோவிலம்பாக்கத்தில் ஃபிளாட், 2017இல் வாங்கிய 20 வருடக் கடன். பெண் ப்ளஸ் டூ. விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தால், எப்படி முடிவெடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மோட்டிவேஷன் வேண்டாம்.

வேளச்சேரிவாசி

அண்ணா, முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள். சிரிக்காதீர்கள். 2019இல் நான் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆர்வம் போய்விட்டது, கோடைப் பார்த்தாலே கண் இருட்டுகிறது என்று. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி ராத்திரி பதினொன்று வரை ஷிஃப்ட், கேப் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போது பன்னிரண்டரை. பேப்பர் போட்டுவிட்டேன், அதாவது ராஜினாமா. நோட்டீஸ் பீரியட் 90 நாளும் ஓட்டி வெளியே வந்து இரண்டு மாதம் கழித்து, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதே என்று டாக்டரிடம் போனால் தைராய்டு. தைராய்டு டெஸ்டில் வரும் டிஎஸ்எச் அளவைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எப்படிம்மா வேலைக்குப் போனாய் என்றார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒழுங்கான தூக்கம், ஆறு மாதத்தில் தலைக்குள் இருந்த மூட்டம் விலகியது. ஒருநாள் மகனுக்கு ஸ்க்ராட்ச் என்ற சிறுவர் புரோகிராம் மொழியைச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்து, அவன் தூங்கப் போன பிறகும் அதில் வரும் பூனையை ஓட வைத்துக்கொண்டிருந்தேன். 14 மாத இடைவெளி. திரும்பப் போனபோது ஒரு படி கீழே, சம்பளமும் குறைவு. அந்த இடைவெளியை இன்டர்வியூவில் விளக்கியதுதான் வேலையை விடக் கஷ்டம். எல்லாருக்கும் தைராய்டு என்று சொல்லவில்லை. பேப்பர் போடுவதற்கு முன் டிஎஸ்எச், பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பெரம்பூர்க்காரன்

எனக்கு 52. 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலான ஒய்2கே காலத்தில் கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி படித்து உள்ளே வந்தவன். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வேலையில் ஒருநாளும் ஆர்வம் இருந்ததில்லை, நீங்கள் சொல்லும் சாம்பார் கதை எனக்கு நடந்ததே இல்லை. அப்பா ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் தொழிற்சாலையில், ஷெல் டிவிஷனில் வெல்டர், 34 வருடம். வெல்டிங்கில் உங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. சாயங்காலம் சங்கு ஊதினால் சைக்கிளை எடுப்பார், நேராகக் கேரம் கிளப். அங்கே ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் அவர் வேறு ஆள். ரிட்டையர் ஆன பிறகும் வெல்டிங் பற்றிப் பேசியதில்லை, கேரம் பற்றித்தான். நீங்கள் எல்லாம் வேலையிடம் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு சந்தோஷத்தையும் கேட்கிறீர்கள். கிடைத்தவரைக்கும் சரி, இல்லையென்றால் சனிக்கிழமை ப்ரூஃப் பாருங்கள். கடன் அடையும் வரை மாதக் கடைசியில் சம்பளம் வந்தால் போதும்.

ஆதம்பாக்கம்

பெரம்பூர் அண்ணன் சொல்வது எனக்கு ஒத்துவராது, எட்டு மணி நேரம் பொய்யாக இருக்க முடியவில்லை. விட்டேன். விட்டதும் ஆர்கானிக் கடை. (ஆமாம், எல்லாரையும் போலத்தான்.) 2019 தீபாவளிக்குத் திறந்து, 2020 மார்ச் லாக்டவுனில் மாட்டி, ஆகஸ்டில் ஷட்டரை இறக்கினேன். மாப்பிள்ளைச் சம்பா மூட்டையில் வண்டு. போட்ட பணத்தில் பாதிகூட மிஞ்சவில்லை.

அப்போதும் ஐடிக்குத் திரும்ப மனசு வரவில்லை, அதில்தான் என் முடிவு சரி என்று தெரிந்தது. இரண்டு வருடம் பி.எட். படித்து இப்போது ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். சம்பளம் 28,000. முன்பு வாங்கியதில் கால் பங்குகூட இல்லை, மனைவி வங்கி வேலையில் இருப்பதால் ஓடுகிறது, இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. இதை மறைத்துவிட்டு 'மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்' என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சம்பளத்தை விட வலித்தது கல்யாண வீடுகள். "இப்ப எந்தக் கம்பெனி?" என்பார் யாராவது பெரியப்பா, பள்ளிக்கூடம் என்றதும் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார். பழகிவிட்டது.

ஒரு கணக்கு மட்டும். உங்களுக்கு 11 வருடம் என்றால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு, கடைசி பேசிக்கை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி வருடத்தால் பெருக்குங்கள். பேசிக் 60,000 என்றால் ஏறக்குறைய 3,80,000. அதை வைத்து எத்தனை இஎம்ஐ கட்டலாம் என்று எழுதிப் பாருங்கள். கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு போய்விடும், குடும்பத்துக்குத் தனி பாலிசி முன்னாலேயே எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது அந்த இடைவெளியில்தான்.

முதலில் எழுதியவன்

வேளச்சேரித் தங்கைக்கு: எடுத்தேன். தைராய்டு சரியாக இருக்கிறது, பி12 குறைவு. ஊசி போட்டுக்கொள்கிறேன், படி ஏறினால் முன்பு போல மூச்சு வாங்கவில்லை. கை மட்டும் பரபரக்கவில்லை. இது உடம்பு இல்லை என்று தெரிந்ததே ஒரு வேலை முடிந்த மாதிரி.

பெரம்பூர் அண்ணனுக்கு: உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் ஆபீஸ் போனேன். ஆனால் அவர் போட்ட வெல்டிங் தண்டவாளத்தில் ஓடியது. நான் போன வருடம் முழுக்க எழுதியதைக் கிளையண்ட் மார்ச்சில் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அதுதான் வித்தியாசமா என்று தெரியவில்லை.

மச்சானிடமும் கேட்டேன், நிரந்தரமாக வரட்டுமா என்று. தலையைச் சொறிந்தான். "மாமா, சீசன் இல்லாத மாசத்துல எனக்கே வேலை இருக்காது" என்றான். நல்லவன், பொய் சொல்லவில்லை.

ஆதம்பாக்கம் சொன்ன கணக்கையும் எழுதினேன், இஎம்ஐயை எட்டு மாதம் தாங்கும், அவ்வளவுதான். பெண்ணுக்கு மார்ச்சில் பரீட்சை. அது முடிந்த மறுநாள் பேப்பர் போடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவசர ஆத்திரத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த தங்கக் காசுகளை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தனி இன்சூரன்ஸுக்கு நேற்று விண்ணப்பித்துவிட்டேன். இப்போது மச்சானிடமிருந்து மெசேஜ், சனிக்கிழமை 42 ப்ரூஃப் இருக்கிறதாம், காலண்டரைக் கையோடு எடுத்து வரச் சொல்கிறான்.