இரட்டை உருளை முக்குளிப்பு: 'வால்வ் டிரில்' என்பதற்குக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நம் முக்குளிப்புச் சொற்பட்டியலில் 'வால்வ் டிரில்' (உருளைகளின் காற்றுத் திருகுகளை மூடித் திறந்து பார்க்கும் பயிற்சி) என்பதற்கு 'அவசர அடைப்பு' என்றும், 'மேல்நிலைத் திறன்' என்றும் குறித்திருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

முதுகில் இரண்டு காற்று உருளை, மேலே அவற்றை இணைக்கும் குழல், அதில் வலம், நடு, இடம் என மூன்று திருகு. வலத்திருகில் ஏழடிக் குழாயோடு முதன்மை ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி). மிதவைப் பையை நிரப்பும் குழாயும் அங்கேதான். இடத்திருகில் கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் அழுத்தமானியும்.

பயிற்சியில் முதலில் மாற்று ரெகுலேட்டரை அமுக்கிக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வலக்கையால் வலத்திருகை மூடி, வாயிலிருப்பதில் மூச்சு இறுகும்வரை இழுத்து, மாற்றுக்கு மாறி, வலத்தைத் திறந்து, முதன்மைக்குத் திரும்ப வேண்டும். அடுத்து நடுத்திருகை மூடித் திறப்பது. பின் இடக்கையால் இடத்தை மூடி, மாற்று ரெகுலேட்டரை அமுக்கிக் காலிசெய்து, திறப்பது. கடைசியில் மூன்றும் முழுக்கத் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி கைவைத்துப் பார்ப்பது.

அந்தக் கடைசிச் சோதனையை விட்டால் ஆபத்து. நடுத்திருகு மூடியபடியே கிடந்தால், இரண்டு உருளையும் பிரிந்துவிடும்: மூச்சு வல உருளையிலிருந்து போகும், அழுத்தமானி இட உருளையைக் காட்டும். முள் அசையாது, காற்று தீர்ந்துகொண்டே இருக்கும். எனவே சொல்லுக்குள் திறப்பும் வர வேண்டும். 'அடைதிறப்பு' என்பது என் முன்மொழிவு. 'போக்குவரத்து' போல இரு செயலும் ஒரே சொல்லில்.

———

> 'அடைதிறப்பு' என்பது என் முன்மொழிவு

நல்ல சொல். 'மூடித்திறப்பு' என்றால் போத்தல் மூடியைத் திறப்பதாகப் படித்துவிடுவார்கள். வால்வுக்கு 'ஓரதர்' என்று சிலர் எழுதுவது இங்கே பொருந்தாது. அது ஒரு திசையில் மட்டும் விடுவதற்கான பெயர். இது கையால் திருகுவது. 'திருகு' போதும்.

ஆனால் 'அடைப்பு' என்ற சொல்லையும் தனியாக வைத்துக்கொள்வோம். உண்மையான கசிவில் மூடியதைத் திறப்பதில்லை. வல ரெகுலேட்டர் கட்டுக்கடங்காமல் கொட்டினால் வலத்திருகை மூடினால் நிற்கும். உருளைக் கழுத்தின் ரப்பர் வளையம் போனால் அந்தப் பக்கத் திருகை மூடியும் பயனில்லை, கசிவு அதற்குக் கீழே இருக்கிறது. நடுத்திருகை மூடி மறு உருளையைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

'மேல்நிலைத் திறன்' என்ற குறிப்பை நீக்கியே ஆக வேண்டும். இரட்டை உருளையை மாட்டும் முதல் நாளே கரையில் நின்று மூன்று திருகையும் தொடவைக்க வேண்டும். எட்டாவிட்டால் தோள்வாரைத் தளர்த்தி, உருளைகளைப் பிடித்திருக்கும் வளையப் பட்டைகளை நகர்த்தி உருளையை மேலேற்றிக் கட்டலாம். தடித்த உள்ளுடை போட்டால் எட்டிய கையும் எட்டாமல் போகும். எந்த உடையில் இறங்கப் போகிறாரோ அதிலேயே பழக வேண்டும். பிறகு 3 முதல் 6 மீட்டரில், துணைவர் பார்த்துக்கொண்டிருக்க, உடல் கிடைமட்டமாக. திருகைத் தேடும்போது பலருக்குக் கால் தாழ்ந்து உடல் நிமிரும், மூழ்கத் தொடங்குவார்கள். வலத்திருகு மூடியிருந்தால் மிதவைப் பையின் பொத்தானும் நிரப்பாது, வாயால்தான் ஊத வேண்டும். இதை 30 மீட்டரில் முதன்முறை கற்கவிடக் கூடாது.

———

இரண்டையும் ஏற்கிறேன். இன்னொரு சொல்லும் தேவை. புளோரிடாவில் உள்ளவை போன்ற நீர்க்குகைகளில் முன்னே நீந்தும்போது இடத்திருகு கூரையில் உரசித் தானே மூடிக்கொள்ளும். வலம் அதே உரசலில் திறக்கும் பக்கம் சுழலும். இதற்குத் 'தானடைப்பு' எனலாமா? மறுப்பில்லையென்றால் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

அடைதிறப்பு: மூன்று திருகையும் முறையே மூடித் திறந்து சரிபார்க்கும் பயிற்சி. இரட்டை உருளையின் முதல் பாடம்.
அடைப்பு: கசிவை நிறுத்தத் திருகை மூடுதல்.
தானடைப்பு: உரசலால் இடத்திருகு மூடிக்கொள்ளல்.