கிறிஸ்தவ ஒற்றுமை ஜெபவாரம்: மதுரைக்காரர்கள் உதவ வேண்டும்

சகோதர சகோதரிகளே, ஜனவரி 18 முதல் 25 வரையிலான ஒற்றுமை ஜெபவாரத்தில் ஒரு மாலை, அரசரடிப் பக்கம் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் கூடி ஜெபிக்க ஏற்பாடு செய்கிறோம்.

நற்கருணை (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து) இல்லை. அதில் யார் பங்கேற்கலாம் என்பதில் சபைகளின் விதிகள் வேறு வேறு. பந்தி வைத்து அதில் சிலரை ஒதுங்கி நிற்க விட்டால் கூடிவந்ததே காயமாகிவிடும். வாசிப்பு, தம்மவர் ஒன்றாயிருக்க இயேசு ஜெபிக்கும் யோவான் 17.

சிக்கல் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில்தான். கத்தோலிக்கர் பக்கம் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’, மற்றவர்கள் பக்கம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’. கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவிக்கும் வேண்டலோடு ஆமென் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று தொடர்வார்கள். குரல்கள் மோதும், பாதிப்பேர் மௌனமாகிவிடுவார்கள். இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிரே அச்சடித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் சரிவருமா? அல்லது கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த 1995 விவிலியப் பொது மொழிபெயர்ப்பை எல்லாரும் வாசிக்கலாமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெந்தெகொஸ்தே மூப்பர் ஒருவரின் ஆலோசனையும் தேவை: எல்லாரும் சத்தமாக ஜெபிக்க ஐந்து நிமிடம், பிறகு மணியடித்து இரண்டு நிமிட அமைதி என்று வைத்தால் அவர்களுக்கு மனம் ஒப்புமா? மணி வேண்டாமென்றால் மெல்லிய பாட்டில் முடிக்கலாம்.

200 தாள் அச்சுக்கு, இரு மொழிபெயர்ப்பையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்து தர ஒருவரும் வேண்டும்.