சேலம் – தூத்துக்குடி விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

மலைக்காற்று:
வணக்கம். அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போக வேண்டும். வயது 74, முழங்கால் வலி, காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் அடி எடுத்து வைக்கிறார். வீடு ஏற்காட்டில். மேப்பில் அளந்தால் சேலம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடிக்கு 340 கி.மீ.தான், ஆனால் டிக்கெட் தேடினால் ஐந்து மணி, ஏழு மணி நேரம் என்று காட்டுகிறது. ஏன்? விமானமே நல்லதா?

ஓமலூர்வாசி:
நேர் விமானம் இல்லை, அதனால்தான். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது தூத்துக்குடி, ஆனால் நீங்கள் முதலில் சென்னைக்கு 265 கி.மீ. போய், அங்கிருந்து திரும்ப, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு 525 கி.மீ. வர வேண்டும். ஆக 790. சேலத்தின் ஓடுதளம் 1,800 மீட்டர்தான் என்பதால் இங்கே வருவது ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பல்லர் விமானம். மணிக்கு 500 கி.மீ. போகும், கணக்குப்படி சென்னைக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் தரையில் உருண்டு போவது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறை வருவது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிடும். தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஊரைத் தாண்டி கமலாபுரம் வர ஒன்றரை மணிக்குக் குறையாது. ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும், சென்னையில் காத்திருப்பு வேறு. கூட்டிப் பாருங்கள், எட்டு ஒன்பது மணி நேரம். காரில் போனாலும் அதேதான்.

முத்துநகர்:
நேரம் ஒன்றுதான், ஆனால் அம்மாவுக்கு அது ஒன்றல்ல. சென்னையில் சக்கர நாற்காலி கொடுப்பார்கள், டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள், காலை நீட்டி உட்காரலாம். ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாகக் குறுகலான படி, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி உதவி கேளுங்கள். முக்கியமாக, இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் போடுங்கள். போன மார்கழியில் நான் தனித்தனியாக எடுத்திருந்தேன், பனிமூட்டத்தில் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டது, இரண்டாவது கம்பெனிக்காரர்கள் பணமும் தரவில்லை. அப்பாவோடு ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாகைக்குளத்திலிருந்து திருச்செந்தூர் ஒரு மணி நேரம், கார் கிடைக்கும்.

கரூர்பாதை:
மைசூர் – தூத்துக்குடி எக்ஸ்பிரஸைப் பார்த்தீர்களா? சேலத்துக்கு நடுராத்திரிக்கு மேல்தான் வரும், அது ஒன்றுதான் கஷ்டம். ஏசியில் கீழ் பெர்த் கிடைத்தால் அம்மா படுத்தே வரலாம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகக் காலையில் போய்ச் சேர்ந்துவிடும். முழங்கால் வலிக்குப் படுக்கை மாதிரி வராது. எங்கள் பாட்டியை அப்படித்தான் கூட்டிப் போனோம்.

மலைக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன், ரயில் என்கிறார். சாயங்காலமே மலை இறங்கி சேலம் ஐந்து ரோட்டில் சித்தி வீட்டில் படுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறோம். திரும்பும்போது மட்டும் விமானம், ஒரே பிஎன்ஆரில்தான். எங்கள் சேர்வராயன் மலையை மேலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டுமாம் அவருக்கு. எந்தப் பக்க ஜன்னல் கேட்பது?

ஓமலூர்வாசி:
சென்னையிலிருந்து வரும்போது எந்தப் பக்கமாகச் சுற்றி இறங்குவார்கள் என்பது காற்றைப் பொறுத்தது. ஜன்னல் எதுவானாலும் ஏடிஆரில் இறக்கை மேலே இருக்கும், கீழே மறைக்காது.